எண்ணெய் குளித்த கிளட்ச்

ஹட்டனைத் தாண்டிய ஏற்றத்தில், என்னைப் பின்னால் ஏற்றி வந்த கங்காணியின் மோட்டார் சைக்கிள் அலறுகிறதே தவிர நகரவில்லை. தேயிலைத் தோட்டத்துத் துரை காரில் புறப்படுவதற்குள் அவர் பங்களாவுக்குப் போனால்தான் எனக்குத் தோட்டத்து வாத்தியார் வேலை.

கிளட்ச் மூடியைக் கழற்றுகிறேன். நல்லெண்ணெய் மணக்கிறது.

"இதனாலதான் நழுவுதுங்க. யாருங்க எண்ணெய் ஊத்துனது?"

"நான்தான். தீபாவளிக்கு நாமெல்லாம் எண்ணெய் தேச்சுக் குளிக்கிறோம் தம்பி. வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

 கிளட்ச் தட்டுகளைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டுகிறேன். வண்டி பாய்ந்து ஏறுகிறது. பங்களா தெரிந்ததும் கங்காணி எஞ்சினை நிறுத்துகிறார்.

"எறங்குங்க தம்பி. தொர பங்களா முன்னால நம்மாளுங்க வண்டியில போகக் கூடாது."

மரியாதையாகத் தள்ளுகிறோம். எதிரே துரையின் கார் வருகிறது. ஒதுங்கி நின்று சலாம் வைக்கிறோம். எனக்கு வேலை தர வேண்டியவர் சலாமை ஏற்றுக்கொண்டு ஹட்டன் பக்கம் இறங்கிப் போகிறார்.