மூன்று முறை ஃபார்மேட் அடித்தவன்

டேய் சாதிக், நீ சிரிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ சுவரில் ஒட்டிய அட்டையை இந்த வாரம்தான்டா ஒழுங்காகப் படித்தேன்.

சாதிக் பூந்தமல்லிக்காரன். கள்ளிக்குப்பத்தில் நாங்கள் ரெண்டு பேரும் நடத்திய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் மூளை அவன், ஸ்க்ரூடிரைவர் நான். நான்தான் எட்டாவதோடு ஸ்கூலுக்குக் கும்பிடு போட்டவனாச்சே! எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று — ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. கேட்கலையா? ஃபார்மேட் அடி.

நாலு மாசத்துக்கு முன்னால் சாதிக் டெங்குவில் போய்விட்டான்.

அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறை. கம்ப்யூட்டரில் பல்சக்கரத்துக்கு அளவு போடுபவர் ஆவடி செல்வி அக்கா. சில நாளாக அளவு தப்பி, சக்கரங்கள் வீணாகின. ஓனர் கூப்பிட்டார். போய் ஃபார்மேட் அடித்தேன். மறுபடி தப்பு. மறுபடி ஃபார்மேட். மூன்றாவது முறை அடித்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: "மெஷின் சுத்தமா கீது சார். போடுறவங்கதான் தப்பா போடுறாங்க."

கம்ப்யூட்டராவது, கணக்கில் தப்பு பண்ணுவதாவது?

சனிக்கிழமையோடு அக்காவை நிறுத்துவதாக முடிவானது. வெள்ளிக்கிழமை காலை அவர் கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, எட்டு வருசமா போடுற கணக்கு எனக்கு திடீர்னு மறந்துடுச்சா?" போனை நீட்டினார். "ஒரே கணக்க இருவது வாட்டி போட்டேன். பதினெட்டு வாட்டி ஒரு ஆன்சர், ரெண்டு வாட்டி வேற. போட்டோ புடிச்சிகினு வந்துகீறேன், பாரு!"

அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். ஆணியில் என் சாப்பாட்டுப் பை. அதை எடுத்தேன். பின்னால் சாதிக் ஒட்டிய அட்டை, அவன் கையெழுத்தில்: 'ஃபார்மேட்டுக்கு முன்னாடி பயாஸ் அப்டேட் பாரு. சிப்பும் தப்பு பண்ணும்.'

அதை ஒட்டிய அன்றே விளக்கியிருந்தான். "கணக்கு போடுற சிப்புலயே சிலசமயம் கோளாறு இருக்கும் மச்சான். அத சரி பண்ண, மதர்போர்டுக்குள்ளயே இருக்குற பயாஸ் புரோகிராமுக்கு கம்பெனிக்காரனே அப்டேட் உடுவான். நீ ஆயிரம் ஃபார்மேட் அடிச்சாலும் அது போவாது."

"சிப்பு கணக்குல ஃபெயிலா? அப்ப அதுவும் என் கிளாஸ்தான்டா," என்று சொல்லிவிட்டு, அட்டை மேலேயே பையை மாட்டினேன்.

அக்காவோடு பட்டறைக்குப் போனேன். போர்டு கம்பெனி வெப்சைட்டில் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தச் சிப்புக்கு, அதே கணக்குக் கோளாறுக்கு, அப்டேட் வந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது!

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். அதனால் சாதிக் முதலில் யுபிஎஸ் மாட்டுவான். பிறகு கேபினெட் மேல் கை வைத்து, "பிஸ்மில்லா... எவனும் பேசாத," என்பான். நானும் கை வைத்தேன். அவனிடம் நான் கற்ற துவா அந்த ஒரு வார்த்தைதான். சொன்னேன். ஏழு நிமிஷத்தில் அப்டேட் முடிந்தது.

அக்கா அதே கணக்கை இருநூறு முறை போட்டார். இருநூறும் ஒரே ஆன்சர்.

"தப்பு என்னுது சார். அக்கா மேல ஒண்ணும் இல்ல," என்றேன்.

"அப்ப மூணு வாட்டி வந்து இன்னாத்த கிழிச்ச?" என்றார் ஓனர். நியாயமான கேள்வி.

"உடு சார், இப்பவாச்சும் ஒத்துக்கினானே," என்றார் அக்கா. திங்கட்கிழமையும் வேலைக்குப் போகிறார்.

அன்று வீட்டுக்கு வந்து சாதிக்கின் கடைசி மெசேஜைத் திறந்தேன். 'ஒடம்பு கொதிக்குது மச்சான்.' கீழே என் பதில்: 'மாத்திரை போட்டு தூங்கு. ரீஸ்டார்ட் ஆயிடும்.'

அவனுக்கும் அதே வைத்தியம்தான் சொல்லியிருக்கிறேன்...

படிக்கிற எல்லாரும் என் சாதிக்குக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். துவா தெரியாவிட்டால் பரவாயில்லை — எனக்கும் ஒரு வார்த்தைதான் தெரியும்.