சேவலின் இடது இறக்கை

அன்று முனியாண்டி கோயிலடியில் இருந்தவர்கள்: பூசாரி, பக்கத்து வீட்டு அக்கா, அவருடைய புருஷன், டெங்குக் காய்ச்சலில் பிழைத்து வந்த அவர்களுடைய மகள், அப்புறம் நான். அக்காவின் கையில் வெள்ளைச் சேவல். மகள் பிழைத்தால் தருகிறேன் என்று நேர்ந்துவிட்டது. மகள் மறுநாள் கொழும்புக்கு வேலைக்குத் திரும்ப இருந்தாள். அதற்குள் முனிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஒரே தவிப்பு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இறம்பொடைப் பக்கம் ஒரு சுற்றுலா பங்களாவுக்கு மூங்கிலில் அம்பு செய்து கொடுக்கிறேன். விருந்தாளிகள் விளையாட்டாக எய்வார்கள். குறி தப்பினால் அம்பு தேயிலைக்குள் போய்விடும். வால் பக்கம் பழுப்புக் கோழி இறகு வைத்தால் காய்ந்த இலையோடு இலையாகக் கலந்துவிடுகிறது. கேசரிப் பவுடரில் சாயம் போட்டேன்; மழையில் வடிந்துவிட்டது. தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஒன்று செய்து காட்டு, இல்லையென்றால் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெள்ளைதான் சரி. ஆனால் கறிக்கோழி இறகு மெலிசு, நிற்காது. ஓர் அம்புக்கு வைக்கிற மூன்று இறகும் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வர வேண்டும், மாறினால் அம்பு கோணிக்கொண்டு போகும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வெள்ளை நாட்டுச் சேவல் அது ஒன்றுதான்.

நேர்ந்துவிட்டது என்று தெரியும். தெரிந்தேதான், அக்கா கொழுந்து எடுக்கப் போயிருந்த நேரம் இடது இறக்கையில் மூன்றை அடியோடு கத்தரித்தேன். இறக்கையை மடக்கியதும் வெளியே தெரியவில்லை. பசை பிடிக்குமா, மழை பெய்யுமா, மேனேஜர் என்ன சொல்வாரோ என்று இரவெல்லாம் பயந்தேன். பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படவில்லை.

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சேவல் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சிலிர்த்தது. இரண்டு இறக்கையையும் விரித்துச் சிலிர்த்தது. இடது பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு சந்து.

"கொறயுள்ள சேவல் ஆகாது தாயி. வேற கொண்டாங்க."

அக்கா புருஷனைத்தான் திட்டினார், வேலி தாண்டாமல் இருக்க வெட்டிவிட்டிருப்பார் என்று. அந்த மனுஷன் கோயிலடியிலேயே சத்தியம் செய்தார்.

திரும்பும் பாதை பங்களாவுக்குக் கீழே, தேயிலையோரமாகப் போகிறது. முந்தின நாள் நான் கொடுத்த அம்பை யாரோ எய்திருக்கிறார்கள். பச்சைக்கு நடுவில் பளீரென்று நின்றது. அக்கா செடிகளுக்குள் நுழைந்து அதைப் பிடுங்கினார். வெள்ளை இறகின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. அரிசி போட்டு வளர்த்தவருக்கு அது தெரியாதா?

என்னை வாடா போடா என்றே கூப்பிடுகிறவர், அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. தூரத்துல இருந்தே தெரியுது."

மகள் பயணத்தைத் தள்ளிப்போட்டாள். டவுனில் வேறு சேவல் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அம்புக்கென்று மேனேஜர் தந்த மூவாயிரத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா எண்ணிப் பார்க்காமல் வாங்கி உள்ளே போனார். இப்போது தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அவரைக் கண்டால் வாளியைப் பார்த்தபடி நிற்கிறேன். இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.