ஐசுல இருந்த மூணும் என் கட்டவெரலும்

அதான் சொல்றேன், உன் ஊட்டுப் புள்ளைங்க மூணையும் சாயங்காலம் இங்க அனுப்பும்மே. பேத்திக்கு இன்னிக்கு மூணு வயசு முடியுது, சக்கரப் பொங்கல் அடுப்புல கீது. வருசா வருசம் வேற ஊட்டுப் புள்ளைங்க மூணு பேருக்குக் குடுத்துட்டுதான் இவளுக்கு. ஏன்னா கேக்குற? நீ புதுசா குடி வந்தவ, உனக்கெங்க தெரியும்.

என் புள்ளைக்கு கும்மிடிப்பூண்டில இரும்பு உருக்குற கம்பெனில வேலை. பொழுதுக்கும் ஒலைக்கு எதுர நின்னுகினு கெடப்பான். கல்யாணமாயி ஏழு வருசம் புள்ள இல்ல. நான் இன்னா பண்ணேன்? மருமவளத் திட்டித் தீத்தேன். திருவாலங்காட்டுல தொட்டில் கட்றதுக்கும் அவளத்தான் இட்டுகினு போனேன். கடைசில மெட்ராசு டாக்டரம்மா டெஸ்ட் எடுத்துட்டு, "கொறை உங்க புள்ளைக்குதான் ஆயா, அந்த ஒலைச் சூடுகூட காரணமா இருக்கலாம்"னாங்க. எம்மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?

அப்புறம் ரெண்டு பேர்கிட்டயும் எடுத்து, வெளியவே கரு வளத்தாங்க. அஞ்சு தேறிச்சு. ரெண்ட வயித்துல வெச்சதுல ஒண்ணு நின்னுச்சு, அதான் இந்த வாலு. மீதி மூணையும் ஐசுல வெச்சாங்க. பிரசவத்துல மருமவளுக்கு ரத்தம் நிக்கவேயில்ல. பொழச்சு வந்ததே பெருசு.

ஒரு வருசம் கழிச்சு ஆஸ்பத்திரில கூப்ட்டாங்க. அந்த மூணையும் வெச்சுக்கறீங்களா, புள்ள இல்லாதவங்களுக்குத் தர்றீங்களா, ஆராய்ச்சிக்கா, இல்ல வேணாம்னு விட்டுடலாமான்னு ஒரு பேப்பர நீட்னாங்க. நான் சும்மா இருப்பனா? "வெச்சுக்கோங்க, அடுத்தது பேரன் வோணும்"னுட்டு மைப்பொட்டிய இழுத்து கட்டவெரல அழுத்திட்டேன். ரேஷன் கார்டுல நான்தான தலைவி! எந்தப் பேப்பரு வந்தாலும் எங்கூட்ல என் வெரலுதான்.

நர்சம்மா சிரிச்சிட்டா. "ஆயா, இது ரேஷன் கடை இல்ல. புருசன் பொஞ்சாதி சொல்றதுதான் செல்லும். ஆம்பளப் புள்ளையா பாத்துப் பொறுக்கித் தர்றதும் சட்டப்படி தப்பு." என்னிய வெளிய ஒக்கார வெச்சிட்டு, வேற பேப்பர் எடுத்துகினு அவங்க ரெண்டு பேரையும் உள்ள கூப்ட்டு கேட்டா.

மருமவ வெளிய வந்து எங்கையப் புடிச்சுகினா. "அத்தே, இன்னொரு தபா என்னால முடியாது, பயமா கீது. புள்ள இல்லாதவங்களுக்கே குடுக்கச் சொல்லிட்டோம். கோவமா?"ன்னா. அவ எங்கிட்ட மனசத் தொறந்து பேசுனதே அன்னிக்குதான். திட்டத்தான் வாயத் தொறந்தேன். அவ பாட்டுக்கு முந்தானையால என் வெரல்ல இருந்த மையத் தொடச்சிகினு இருந்தா. நானும் வெரல நல்லா நீட்டிக் குடுத்தேன்.

நர்சம்மா மட்டும் என் வெரல ஒத்துகினு இருந்தா, என் மருமவள நானே எமங்கிட்ட தள்ளியிருப்பேன். அந்த நர்சுப் பொண்ணு மவராசியா இருக்கணும்.

அந்த மூணும் எந்த ஊட்டுக்குப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்களாம், ரூல்சாம். பொழச்சுதோ இல்லியோ. அதுங்க பங்க உன் புள்ளைங்க துன்னட்டும்னுதான்... ஐயோ, பொங்கலு அடிபுடிக்குதுடி! கரண்டி எங்க வெச்சேன்? இரு, இரு!