செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு காப்புரிமை

எங்கள் சனத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால் அங்கே அடுப்பு மூட்டமாட்டார்கள். உறவும் அயலும்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். ஊரில் அது ஒன்றிரண்டு நாள் சங்கதி. லண்டனில் ஆஸ்பத்திரி, பதிவு, அடக்கத்துக்கு இடம் கிடைப்பது என்று இரண்டு மூன்று கிழமை, வாரக்கணக்கில் இழுபடும். அத்தனை நாளும் அடுப்பு அணைந்தேதான் கிடக்கும்.

என் கணவரின் அண்ணை கிங்ஸ்பரியில் இறந்தபோது முதல் சனி ஞாயிறு புட்டும் இடியப்பமும் சொதியுமாக வந்து குவிந்தன. பிரிட்ஜ் கதவை மூட முடியவில்லை. புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. மற்றவர் கொண்டுபோயிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள், நாங்களும்தான். வேலை முடிந்து போய்ப் பார்த்தால் அண்ணையின் பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். என் கணவர் குசினிக்குள் போய் அணைந்த அடுப்பைப் பார்த்தபடி நின்றார். அடக்கத்தன்றும் இவர் அழவில்லை. ஆம்பிளைகளுக்கு இது ஒரு வியாதி.

கம்பியூட்டரில் மென்பொருள் எழுதுவதுதான் இவருடைய வேலை. அழவேண்டிய மனிதன் ஒரு இணையத்தளம் செய்தார். செத்தவீட்டின் பெயரைப் போட்டால் ஒரு நாட்காட்டி வரும். சாப்பாடு கொடுக்க விரும்புகிறவர் தனக்கு வசதியான நாளில் 'நான் கொண்டுவாறன்' என்று அழுத்தினால் அந்த நாள் மற்றவர்களுக்கு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். காசு இல்லை, விளம்பரம் இல்லை. ஹரோ, குரோய்டன் என்று பரவி, கனடா அமெரிக்காவில் உள்ள எங்கள் ஆட்களும் பாவிக்கத் தொடங்கினார்கள். பின்னேரம் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து, இன்று எந்த வீட்டுக்கு யார் கொண்டுபோகிறார்கள் என்று இவர் பார்ப்பார். அண்ணையோடு கதைக்கிற நேரம் அது என்று எனக்குத் தெரியும். நான் குறுக்கே போவதில்லை.

அதற்குள்தான் ஒரு அமெரிக்கக் கம்பனியின் வக்கீல்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். இணையத்தின் வழியே ஒருவர் ஒரு நாளைத் தெரிவுசெய்ய, அது மற்றவர்களுக்கு மூடப்படும் முறை தங்கள் கண்டுபிடிப்பாம். காப்புரிமை இருக்கிறதாம். தளத்தை உடனே மூட வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸ்ஸில் சீட்டில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடித்த எங்கள் சனம் முழுவதும் அப்போ களவாணிகளா? நாளைக்குக் கதவு தட்டுகிறதையும் நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று வந்து நிற்பார்கள்.

மாதா கோயிலில் பழக்கமான வக்கீல் ஒருவரிடம் போனோம். "இஞ்ச அவங்கட வழக்கு நிக்கிறது கஷ்டம். ஆனா அமெரிக்காவில கோர்ட்டுக்கு இழுப்பாங்கள். சண்டை பிடிக்க ஏலும், வீட்டை வித்துப்போட்டுப் பிடிக்கவேணும்" என்றார்.

"அமெரிக்கா ஆக்களுக்கு மட்டும் நிப்பாட்டுங்கோவன்" என்று இவரிடம் கெஞ்சினேன்.

"முழுக்க மூடச் சொல்லித்தான் எழுதியிருக்கிறாங்கள். எனக்குப் பயமாக் கிடக்கு" என்றவர் அன்றைக்கே மூடிவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "அண்ணை ரெண்டாந்தரம் செத்த மாதிரிக் கிடக்கு." சோற்றை அளைந்துவிட்டு எழும்பிப்போனார்.

ஒரு மாதம் போகவில்லை, ஹரோவில் எங்களோடு பூசைக்கு வருகிற ஒருவர் திடீரென்று இறந்துபோனார். சின்னப் பிள்ளைகள். கிங்ஸ்பரியில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும் என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இஞ்சருங்கோ, போன் எடுத்துக் கேக்கிறதுக்கு ஒருத்தரும் காப்புரிமை வைச்சிருக்கேல்லத்தானே?" என்றேன்.

போன் என்றால் இவருக்கு வேப்பங்காய். மணி அடித்தால் என் கையில் திணித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கு மாடிப்படியில் குந்தியிருந்து ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்தார். "புதன் வேற ஆக்கள் எடுத்திட்டினம். வியாழன் உங்களுக்கு ஏலுமோ?" முதல் அழைப்புகளில் குரல் நடுங்கியது. போகப்போகச் சரியாகிவிட்டது.

பிறகு குரோய்டனில் உள்ள ஒருவருக்கு எடுத்தார். லண்டனுக்கு வந்த புதிதில் அண்ணையோடு ஒரே அறையில் இருந்தவர். தளத்தில் எத்தனையோ நாள் அழுத்தியிருக்கிறார். ஆனால் அண்ணையின் அடக்கத்துக்குப் பிறகு இவரோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை, இவரும் அவரோடு கதைத்ததில்லை. இவர் விஷயத்தைச் சொல்லி முடித்தார். படியில் பக்கத்தில் இருந்த எனக்கும் மறுபக்கத்துக் குரல் கேட்டது.

"தம்பி," என்றார் அவர். "உம்மட குரல் அப்பிடியே அண்ணையின்ர குரலடாப்பா. ஒருக்கா இன்னும் கொஞ்சம் கதையும்."

இவர் போனைக் காதில் வைத்தபடியே அழுதார். மறுபக்கம் அவரும் அழுவது எனக்குக் கேட்டது. நான் இவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கடைசியில் அவர் வெள்ளிக்கிழமை தான் கொண்டுவருவதாகச் சொன்னார். போனை வைக்கும்போது, "சாப்பாட்டு விஷயம் இல்லாட்டிலும் நாளைக்கு எடும்" என்றார்.

அடுத்த நாள் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இவர் அவருக்குப் போன் எடுத்தார்.