பின்பக்கமாகப் போக மறுத்த இன்ஜின்

சென்ற சனிக்கிழமை மொரப்பூரில் ஓர் இன்ஜினுக்குத் தேங்காய் உடைத்தோம். ஆயுத பூஜையா? இல்லை. அது ஊரை விட்டுப் போகிற நாள்!

மொரப்பூர் – தர்மபுரி சின்ன ரயிலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடப்பார்கள். மேலே போய் ரயிலுக்காகக் காத்திருப்பார்கள். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று பாதையைப் பெயர்த்துவிட்டார்கள். மிஞ்சியது மொரப்பூர் ஷெட்டில் கிடந்த ஒரே ஒரு இன்ஜின். அதையும் உடைத்து உருக்க உத்தரவு.

ரயில்வே விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருப்பேனா? மனு மேல் மனு போட்டேன். தொல்லை தாங்காமல் பட்டணத்து மியூசியம் ஒப்புக்கொண்டது. இன்ஜினை ஏற்றிப் போக சனிக்கிழமை மாலை கூட்ஸில் ஒரு திறந்த வேகன். அதைத் தவறவிட்டால் மறுநாள் காலை சம்மட்டி.

காலையில் போய்ப் பார்க்கிறேன்... ஷெட்டுக்கும் வேகன் நிற்கும் பெரிய லைன் சைடிங்குக்கும் நடுவே கூப்பிடு தூரம், தண்டவாளத்தைக் காணோம்! பழைய இரும்பு கான்ட்ராக்டர் சென்னப்பா அதையும் உரித்து ஓரமாக அடுக்கியிருந்தார்.

"என்ன சென்னப்பா, இன்ஜின் பறந்தா போகும்?"

"நடந்து போவட்டுங்க சார். இல்லாட்டி நாளைக்கு நானே கூடையில வெச்சு அனுப்பறன்."

உள்ளே இருசப்பன் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரை அதை ஓட்டிய டிரைவர். சாப்பாடு கொண்டுவந்த மனைவி மாதம்மாள் வாசலில் நின்று சொன்னாள்: "என் தலைய ஒரு நாளாச்சும் இப்பிடித் தொவட்டி வுட்டிருக்கியாய்யா?"

இருசப்பன் சிரிக்கவில்லை. "ஒடைக்கிற சத்தம் எங்க வூட்டுக்குக் கேக்கும் சார். நான் எங்க போயி இருக்கறது?"

நான் சென்னப்பாவிடம் திரும்பினேன். எடை போட்டு ஒப்படைக்கும் வரை பழைய இரும்பு ரயில்வேயின் சொத்து. கான்ட்ராக்டில் உள்ள ஷரத்து. அவருடைய தராசோ இன்னும் வந்து சேரவில்லை! ஸ்டேஷன் மாஸ்டரும் ஆமாம் என்று தலையசைத்தார். அடுக்கிய தண்டவாளம் மறுபடி தரைக்கு வந்தது. நாலைந்து துண்டு போதும் – இன்ஜின் தாண்டியதும் பின்னால் இருப்பதைப் பெயர்த்து முன்னால் போட வேண்டியதுதான்.

இழுப்பது யார்? சந்தைக்கு வந்திருந்த தீர்த்தமலைக்காரர்கள் கைகொடுத்தார்கள். வருஷா வருஷம் தேர் இழுக்கிறவர்கள். தலைவர் பச்சையப்பன் தேங்காய் உடைத்தார், புகைபோக்கிக்கு மாலை போட்டார், கயிற்றை எடுத்தார்... எடுத்தவர் கீழே போட்டார்.

புகைபோக்கி ஒரு பக்கம் பார்த்திருந்தது. சைடிங் எதிர்ப்பக்கம்.

"பின்னால இழுக்கறதுங்களா? தேரு பின்னால போவாதுங்க. ஊருக்கு ஆவாது."

"இது தேர் இல்லையப்பா, இன்ஜின்."

"தேங்கா ஒடச்சாச்சுங்களே! இப்ப வந்து தேரில்லன்னா எப்பிடிங்க?"

இன்ஜினைத் திருப்ப வழியில்லை. சென்னப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்.

பகுத்தறிவு பேசினால் சாயங்காலம் ஆகிவிடும். விதி பேசினேன். முன்விளக்கு இருக்கும் பக்கம் முன்பக்கம். சிவப்பு விளக்கு இருக்கும் பக்கம் பின்பக்கம். புகைபோக்கியைப் பற்றி ரயில்வேக்குக் கவலையே கிடையாது!

இருசப்பன் புரிந்துகொண்டார். முன்விளக்கைக் கழற்றி டிரைவர் நிற்கும் பக்கம் மாட்டினார். நல்ல வெயிலில் திரியை ஏற்றினார். புகைபோக்கிக்குக் கீழே சிவப்பு விளக்கு தொங்கியது.

பச்சையப்பன் இன்ஜினை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அப்ப மால?"

மாலையும் இடம் மாறியது.

"இப்ப சரிங்க. புடிங்கடா கயித்த!"

அரோகரா சத்தத்தில் ஸ்டேஷனே அதிர்ந்தது. இன்ஜின் அசைந்தது... நகர்ந்தது... உருண்டது! தனக்குத் தானே பாதை போட்டுக்கொண்டு போன இன்ஜினை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். வேகனில் ஏற்றப் போட்ட சரிவில் ஏறும்போது மட்டும் ஒரு கயிற்றுக்கு ஆள் போதவில்லை. பீடியை எறிந்துவிட்டு வந்து பிடித்தவர் யார் தெரியுமா? சென்னப்பா! "என் தண்டவாளம் வளைஞ்சுடப் போவுது சார்" என்று முனகிக்கொண்டே இழுத்தார்.

கூட்ஸ் புறப்படும் நேரத்துக்கு வேகனில் கம்பீரமாக நின்றது இன்ஜின். பக்கத்தில், இறங்க மனமில்லாமல் இருசப்பன். கார்டு கத்தினார்: "கூட்ஸ்ல ஆள் ஏறக்கூடாது, எறங்குய்யா!"

"நெருப்பில்லாத இன்ஜினோடு ஒரு பொறுப்பாள் போயே ஆக வேண்டும்" என்றேன். அதுவும் விதிதான். கார்டுக்கும் தெரியும். கொடியை எடுத்தார்.

அதற்குள் சாப்பாட்டு மூட்டையோடு மாதம்மாளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நானும் பட்டணம் பாக்க வேணாமா?"

கார்டு என்னைப் பார்த்தார், கொடியை அசைத்துவிட்டார்.

பொறுப்பாளுக்குச் சோறு போட இன்னொரு பொறுப்பாள் என்று எந்த விதியும் இல்லைதான். ஆனால் கார்டு வாய் திறந்து கேட்டிருந்தால், பக்க எண்ணோடு சொல்லியிருப்பேன்!