சந்தேக நபரின் நாற்காலி

எங்கள் வகுப்பில் எல்லாரும் அவளை வார்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் வார்டரக்கா என்பேன். சொந்த நாட்டில் பெண்கள் சிறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடுமாக இருந்தவள், முப்பத்தெட்டு வயதில் குற்ற உளவியலில் முதுகலை படிக்கக் கிளம்பி வந்துவிட்டாள். சிறைக்கு வரும் பெண்களில் சிலர் செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள், அது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பாள். அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வருட விடுப்பு. அதற்குள் முடிக்காவிட்டால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. பத்து வயது மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்களுக்கு விசாரணைப் பயிற்சி. சின்ன அறை, ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, மூலையில் கேமரா. மற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம். ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். இன்னொருவர் சந்தேக நபராக நடிக்க வேண்டும். அவர் என்ன செய்தார், செய்யவில்லை என்பதை அலுவலகத்தில் ஒரு அட்டையில் எழுதி, ஒட்டிய கவரில் அவருக்கு மட்டும் கொடுப்பார்கள். மதிப்பெண் கேள்வி கேட்பவருக்குத்தான். நான்கு முறையாவது கேள்வி கேட்டிருந்தால்தான் கடைசித் தேர்வு எழுத விடுவார்கள்.

ஆறு வாரம் ஓடியது. ஆறு வாரமும் வார்டரக்காவுக்குச் சந்தேக நபரின் நாற்காலிதான். தனக்கு எப்போது முறை வரும் என்று அவள் ஒவ்வொரு வாரமும் கேட்டாள். நீங்கள் உட்கார்ந்தால் நிஜம் மாதிரி இருக்கிறது என்று பேராசிரியர் ஒவ்வொரு வாரமும் சிரித்துக்கொண்டே சொன்னார். என்ன நிஜம்? நிறத்தில் இருந்ததா, தட்டுத் தடுமாறிப் பேசிய பேச்சில் இருந்ததா? பதினோரு வருடம் கைதிகளோடு இருந்தவளுக்குக் கேள்வி கேட்கத் தெரியாதாம், பள்ளிக்கூடத்திலிருந்து நேற்று வந்தவர்களுக்குத் தெரியுமாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. நானும் வெளிநாட்டுக்காரிதான், பேச்சு கொஞ்சம் சரளமாக வந்ததால் எனக்கு இரண்டு முறை அந்த நல்ல நாற்காலி கிடைத்திருந்தது.

ஏழாவது வாரம் கேள்வி கேட்க வந்தவனை நெட்டை என்போம். வக்கீல் வீட்டுப் பிள்ளை. ஆஸ்பத்திரி அலமாரியில் தூக்க மாத்திரை காணாமல் போன வழக்கு. நாற்பது நிமிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தான். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் கோப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டான்.

"உங்க விசா எந்த மாசம் முடியுது? நீங்க ஒத்துழைக்கலைன்னு ஆபீசுக்கு ஒரு வார்த்தை போனா என்ன ஆகும், தெரியுமா?"

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஆமாம், நான்தான் எடுத்தேன் என்றாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரே கைதட்டல். அவள் முகத்தைப் பார்த்தபோதே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் தட்டினேன்.

பேராசிரியர் உள்ளே போய் நெட்டைக்கு முழு மதிப்பெண் என்றார். அடுத்த வருட மாணவர்களுக்கு இந்தப் பதிவை மாதிரியாகக் காட்டப்போவதாகச் சொல்லி, அக்காவிடம் சம்மதப் படிவத்தை நீட்டினார். அவள் கவரிலிருந்து அட்டையை எடுத்து அந்தப் படிவத்தின் மேல் வைத்தாள். 'நீ எடுக்கவில்லை. கடைசிவரை மறுக்க வேண்டும்' என்று அதில் இருந்தது. அவர் அப்போதுதான் அதைப் படித்தார். படித்துவிட்டு, அட்டையை மீறியது நீங்கள்தானே, உங்கள் நடிப்பில் வந்த தப்புக்கு அவன் என்ன செய்வான் என்றார்.

"நடிப்பு இல்ல சார்," என்றாள் அக்கா. "விசான்னு கேட்டதும் என் பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு. எப்படியாவது இது முடிஞ்சா போதும்னு ஆயிடுச்சு. வாய் தானா ஒத்துக்கிச்சு."

புத்தகம் புத்தகமாகத் தேடிப் படிக்கிற விஷயம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அந்த மனுஷர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். கையெழுத்துப் போட்டால் மிச்ச வாரங்களில் நான்கு முறை கேள்வி கேட்க விடுவாராம். இல்லையென்றால் பயிற்சியை முடிக்கவில்லை என்று விசா அலுவலகத்துக்கு எழுத வேண்டி வருமாம். நெட்டை கேட்ட அதே கேள்வி, அறை மட்டும்தான் வேறு.

"ஒரு தடவை ஒத்துக்கிட்டேன் சார். ரெண்டாவது தடவை வராது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

துறைத் தலைவருக்குப் புகார் எழுதினாள். கூடவே, பார்த்தவர் ஒருவராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு பேரிடம் போனாள். ஒருவனுக்குத் தலைவலி, ஒருத்திக்கு அன்று சரியாகத் தெரியவில்லை, இன்னொருத்தி போனையே எடுக்கவில்லை. இவர்களெல்லாம் நாளைக்கு நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதப் போகிறவர்கள். கடைசியாக என்னிடம் வந்தாள். என் விசாவுக்கும் நான்கு மாதம்தான் இருந்தது. இரண்டு நாள் டைம் கேட்டேன். அவள் சரிம்மா என்று போய்விட்டாள், வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் போட்டேன்.

துறைத் தலைவர் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவை முழுதாகப் பார்த்தார். நெட்டையின் மதிப்பெண்ணை ரத்து செய்தார். பதிவை யாருக்கும் மாதிரியாகக் காட்டக் கூடாது என்றார். அக்காவுக்கு நான்கு முறை கொடுக்கச் சொன்னார். எல்லாம் ஒரு சின்னக் குழப்பம் என்று பேராசிரியர் பூசி மெழுகினார், மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்காவுக்குக் கிடைத்த முதல் முறையில் எதிர் நாற்காலி எனக்கு வந்தது. எதையும் ஒத்துக்கொள்ளாதே என்று என் அட்டையில் இருந்தது. அவள் முதலில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். அரை மணி நேரம் குரலை உயர்த்தாமல் கேட்டாள். நான் பிடி கொடுக்கவே இல்லை. நேரம் முடிந்ததும் எழுந்து கேமராவை அணைத்தாள்.

"அன்னைக்கு நீயும் கை தட்டினியேம்மா, ஏன்?"

"எல்லாரும் தட்டினாங்கக்கா. தட்டாம இருக்க பயமா இருந்துச்சு."

அந்த வருடம் அந்த அறையில் யாரும் மிரட்டாமல் வந்த வாக்குமூலம் அது ஒன்றுதான். அதை அவள் எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை.