பாதியில் நின்ற குத்தகைப் பட்டியல்

கோவிந்தராசு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பண்ணை வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வைரக்கண்ணு கூலி உயர்வுப் போராட்டத்தில் போலீஸ் அடி வாங்கி, இடது கையை மடக்க முடியாமலே காலம் தள்ளியவர். மகன் பி.எஸ்சி. முடித்து, மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்து, 1986இல் தஞ்சாவூரில் ஒரு தனியார் கணிப்பொறி நிலையத்தில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். அங்கே ஒரு பழைய மெயின்ஃப்ரேம் கணிப்பொறி பெரிய அறை ஒன்றை அடைத்துக்கொண்டு நின்றது.

மறுவருஷம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு வேலை வந்தது. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்து பல வருஷம் ஆகியும் பாதிப் பேர் பெயர் ஏறவில்லை. நிலக்காரர்கள் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு விட்டு, வேண்டாதபோது இறக்கிவிட்டார்கள். இப்போது விசாரித்துச் சரிபார்த்த பெயர்களைக் கிராம வாரியாக அச்சடித்துத் தரவேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் அவரை நிலத்திலிருந்து இறக்க முடியாது.

ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை நின்றுபோனது. திரையில் பி-37 என்று வந்தது. கோப்புக்கு இனி இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

மேலாளர் சாரங்கபாணி ஓடிவந்தார். "டிஸ்க் நிறைஞ்சிடுச்சா?"

"இல்ல சார், நிறைய இடம் இருக்கு. ஏன் எடுத்துக்கலேன்னு பாக்கணும். சாயங்காலம்வரைக்கும் டயம் கொடுங்க."

"தாலுகா ஆபீஸ் ஜீப் வாசல்ல நிக்குதுய்யா. எழுதினவரைக்கும் அச்சடிச்சுக் கொடு. மிச்சத்தை நாளைக்கு அனுப்பிக்கலாம்."

"கடைசி நாலு கிராமம் வரல சார்."

"நாளைக்குன்னு சொல்றேன்ல?"

கோவிந்தராசு அச்சடித்தார். கடைசித் தாளின் அடியில் 'இன்னும் உள்ளது' என்று பேனாவால் எழுதலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். சாரங்கபாணி பக்கத்திலேயே நின்றார். எழுதவில்லை.

மறுநாள் காலை காரணம் பிடிபட்டது. அந்த மெஷின் ஒரு டிஸ்க்கில் ஒரு கோப்புக்குப் பதினாறு துண்டு இடம்தான் தரும். அதற்குமேல் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் தராது. பழைய கோப்புகளை யாரும் அழிக்காததால் காலி இடமெல்லாம் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடந்தது. முதலில் கேட்ட இடத்தைக் கொடுக்கவே ஐந்து துண்டு செலவாகிவிட்டது. பாக்கிப் பதினொன்றும் நாலு கிராமத்துக்கு முன்பே தீர்ந்துபோயின. கோவிந்தராசு பழையதை அழித்தார், ஒரே தொடர்ச்சியாகப் பெரிய இடமாகக் கேட்டு வாங்கினார், மறுபடி ஓட்டினார். மதியத்துக்குள் முழுப் பட்டியலும் வந்துவிட்டது.

அதை அவரே தாலுகா ஆபீஸுக்கு எடுத்துப்போனார். அங்கே முதல் பட்டியல் சீல் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கிளார்க் நடராசன் புதுப் பட்டியலை வாங்கி பீரோவில் வைத்தார். "மேலிடத்து உத்தரவு இல்லாம ரெண்டாவது ஒட்ட முடியாதுங்க" என்றார். உத்தரவு வரவில்லை.

தை மாதம் நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் அம்சம், விதவை. விட்டுப்போன கிராமம் ஒன்றில் இரண்டு ஏக்கர் வரும் ஆறு மா நிலத்தைப் பதினெட்டு வருஷமாகச் சாகுபடி செய்தவள். நிலக்காரர் அமிர்தலிங்கம் பட்டியலில் அவள் பெயர் இல்லாததைக் காட்டி, போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்களை இறக்கி, விளைந்து நின்ற சம்பாவை அறுத்துக்கொண்டு போயிருந்தார். தடுக்கப்போனவளின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"சார், எம் பேரு மெசின்ல இல்லேங்கறாங்க. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்."

தன் அம்மா வயதுக்காரி 'சார்' என்றதும் கோவிந்தராசுக்குத் தலை நிமிரவில்லை. தேடினார். திரையில் பெயர், சர்வே எண், எல்லாம் வந்தது.

"இருக்கும்மா."

"இருக்கா? அப்புறம் ஏன் அறுத்துக்கிட்டுப் போனாங்க?"

நடந்ததைச் சொன்னார். தான் அச்சடித்ததையும் சொன்னார். அவள் திட்டவில்லை. "அன்னிக்கே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்காக வருவாய் கோர்ட்டில் கோவிந்தராசு வாக்குமூலம் கொடுத்தார். மெஷின் நின்றதை, அரைப் பட்டியல் போனதை, தன் கையால் அச்சடித்ததை, ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த வாரமே வேலை போனது. சாரங்கபாணி முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை நீட்டினார். சேதி கேட்ட அப்பா வைரக்கண்ணு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அம்சத்தின் பெயரைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் அமிர்தலிங்கம் நிலத்தை வேறொருவருக்கு விற்றிருந்தார். வாங்கியவர் ஐகோர்ட்டில் தடை வாங்கினார்.

அம்சம் அப்போது பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பட்டுக்கோட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த கோவிந்தராசு, உத்தரவு நகலோடு பஸ் ஏறிப் போனார். படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஐகோர்ட் தடையையும் அவர் சொன்னார்.

"தடைன்னா எத்தனை நாளைக்கு?"

"தெரியலம்மா."

"இந்தக் குறுவைக்கு வயல்ல எறங்க முடியாதுல்ல?"

"முடியாது."

நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி தேங்காய் உரிக்க நட்டிருந்த கடப்பாரைக்கு முன்னால் போய் நின்றாள். வழக்கு ஒன்பது வருஷம் ஓடியது. ஆறாவது வருஷமே, மஞ்சள் காமாலையில், அவள் அந்தத் தோப்புக் கொட்டகையில் செத்துப்போனாள். சேதி கோவிந்தராசுக்கு நாலு நாள் தாமதமாகத்தான் வந்தது.